முதல் வீடியோவில் என் குரல் கேட்கிறது

என் செல்லத் தம்பி ரூபனுக்கு,

உன் பரீட்சை முடிவு திங்கட்கிழமை வந்தது. உன் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து ஐந்தாம் நாள். விண்ணப்பத்தில் என் மின்னஞ்சலைத்தானே குடுத்தனாங்கள். நான் வேலை செய்கிற கந்தோரில் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்க்கும்போது பார்த்தேன். சித்தியில்லை, தம்பி. நாலு புள்ளி குறைவு.

உனக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேணும். ஆனால் நான் முதலில் பொய் சொல்லிவிட்டேன், அதுவும் அம்மாவுக்கு.

பதினெட்டு வயதில் டிரம்ஸ் அடிக்கத் தொடங்கினனி. நிலாவெளி ஹோட்டல்களிலும் கலியாண வீடுகளிலும் உன் பேண்டை எத்தனை பேர் தேடிவந்து பிடித்தார்கள்! சிறுநீரகம் பழுதானபிறகு அதெல்லாம் ஏலாமல் போனது. கிழமைக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிப்பு, மற்ற நாட்களில் களைப்பு. டவுனில் சங்கீத வகுப்பு நடத்துகிறவர் உன்னை எடுக்க ஆயத்தமாகத்தான் இருந்தார். "கதிரையில இருந்து படிப்பிக்கலாம் தம்பி. ஆனா அஞ்சாம் தரச் சான்றிதழ் இல்லாட்டி தாய்தகப்பன் பிள்ளையளை அனுப்பாயினம்" என்றார்.

வெளிநாட்டுப் பரீட்சை. பரீட்சகர் இங்கே வரமாட்டார், வீடியோ எடுத்து அனுப்ப வேணும். இடையில் நிறுத்தாமல் ஒரே தரமாக எடுக்க வேணும். முகம், இரண்டு கை, மிதிக்கிற கால் எல்லாம் தெரிய வேணும். எடுக்கிறவர் கதைக்கக் கூடாது.

நாங்கள் வீடியோ எடுத்த அன்றுதான் அனுப்புவதற்குக் கடைசி நாள். துறைமுகப் பக்கம் மீனவர் சங்க மண்டபத்தைக் கேட்டு வாங்கினனாங்கள். டவுனெல்லாம் மாடு மாதிரித் திரிகிற மான்களில் ஒன்று வாசலில் படுத்திருந்தது; அதை எழுப்பிக் கலைத்துவிட்டு, கப்பல் சத்தம் வராமல் கதவைச் சாத்தினேன். விசிறியையும் நிறுத்தினோம். அடையாள அட்டையைக் கமெராவுக்குக் காட்டிவிட்டு நீ தொடங்கினாய்.

எப்படி அடித்தனி! சிறுநீரக வருத்தம் வருவதற்கு முன்னம் இருந்த ரூபனை அன்றைக்குத்தான் திரும்பப் பார்த்தேன். மூன்றாவது உருப்படியில், முடிய இன்னும் ஒரு நிமிஷம்தான் இருக்கும், இடது கையில் ரத்தம் சுத்திகரிக்க ஊசி ஏற்றுகிற இடத்தில் இருந்து ரத்தம் வடிந்தது. நீ காணவில்லை. குச்சியில் இறங்கி, டிரம்மின் தோலில் சிவப்புச் சிவப்பாகத் தெறித்தது.

"டேய் ரூபன், ரத்தம்!" என்று கத்திவிட்டேன்.

நீ நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். கோபமாகக்கூட இல்லை.

"அக்கா, கதைச்சிட்டீங்களே."

பஞ்சை வைத்து அமத்திப் பிடித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவம் என்றேன். ரத்தம் நின்றதும், "இண்டைக்கு விட்டா இன்னும் எத்தனை மாசமோ. திரும்ப ஒருக்கா எடுப்பம் அக்கா" என்றாய். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை. போனைத் திரும்பவும் தூக்கிப் பிடித்தேன்.

இரண்டாவது வீடியோவில் உன் உதடு வெளிறிப்போய் இருக்கிறது. கடைசி உருப்படியில் கை தாளத்துக்குப் பிந்துகிறது. முடிந்ததும், "இவ்வளவும் காணும், அனுப்புங்கோ" என்றாய். அனுப்பினேன்.

அதுக்கு நாலாவது கிழமை, காலமை முகம் கழுவப்போன இடத்தில் விழுந்தனி. எழும்பவில்லை. இதயம் நின்றுவிட்டது, அந்த வீடியோ நாளுக்கும் இதுக்கும் தொடர்பில்லை என்றார் டொக்டர். அவர் சொன்னால் சரிதானே? ஏன் எனக்கு நித்திரை வருகுதில்லை?

பரீட்சகர் எழுதியிருக்கிறார்: "இடது கை களைத்துவிடுகிறது. தாங்குசக்தியை வளர்த்துக்கொள்ள வேண்டும்." பிழையாக ஒன்றும் எழுதவில்லை. அவர் கண்டது அந்த இரண்டாவதை மட்டும்தான்.

அன்று பின்னேரம் அம்மா கேட்டா, "முடிவு வந்திட்டுதோ பிள்ளை?" சண்டைக்குள் எங்கட ஊர் சம்பூரை விட்டு வெளிக்கிட்ட நாளிலும் அழாத மனுசி, உன் படத்துக்கு முன்னால் இருந்து அழுதுகொண்டு கேட்டா.

"ஓம் அம்மா, பாஸ்."

அம்மா அயலெல்லாம் சொல்லிவிட்டா. சான்றிதழ் எப்ப வரும், பிரேம் போட வேணும் என்று நாளுக்கு மூன்று தரம் கேட்கிறா.

தாங்க ஏலாமல் நேற்று உன்னைக் கட்டின நிர்மலாவிடம் சொன்னேன். முதல் வீடியோவையும் காட்டினேன். உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள், நான் கத்துகிற இடம் வரைக்கும். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"இதுக்குப் பிறகும் ஏன் மச்சாள் அடிக்க விட்டனீங்கள்?"

"கேட்டான். மறுக்க ஏலாமல் போச்சு."

அவள் கவிழ்த்த போனை என் பக்கம் தள்ளினாள். பிறகு சொன்னாள், "டொக்டர்மார் தண்ணி அளவாக் குடுக்கச் சொன்னவை, கூடினா இதயத்துக்குக் கூடாதாம். அவர் கெஞ்சக் கெஞ்ச நானும் குடுத்தனான்."

குசினியில் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் எழும்பவில்லை.

நீ கேட்டதை எல்லாம் உனக்குக் குடுத்தனாங்கள், ரூபன். அது அன்புதானா? எங்களுக்குத் தெரியவில்லை.

நாளைக்கு நிர்மலாவும் நானும் அம்மாவின் பக்கத்தில் இருந்து எல்லாத்தையும் சொல்லப்போகிறோம். புள்ளி குறைந்ததையும், ரத்தத்தையும், நான் இரண்டாந்தரம் போனைத் தூக்கினதையும். அம்மா என்னை ஏசட்டும், முகத்தைத் திருப்பட்டும். எழும்பி ஓடமாட்டேன். இது உனக்குச் சத்தியம்.

உன்னோடு பிறந்தவள்,
சாந்தி அக்கா