விலகல் விண்ணப்பத்தைக் கிடப்பில் போடக் கோரும் மனு

அனுப்புநர்:
முதலாமாண்டு மாணவியின் தந்தை,
அஞ்சலக எழுத்தர்.

பெறுநர்:
முதல்வர் அவர்கள்,
மருத்துவக் கல்லூரி.

பொருள்: என் மகள் அளித்துள்ள விலகல் விண்ணப்பத்தின் மீது நடவடிக்கை எடுக்காதிருக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மனு எழுதுகிறவர்கள் கோப்பை நகர்த்தச் சொல்வார்கள். நான் நகர்த்தாமலிருக்கச் சொல்கிறேன். இவ்வளவு சுலபமான கோரிக்கை தங்கள் அலுவலகத்துக்கு இதுவரை வந்திருக்காது.

2. என் மகள் பள்ளி இறுதித் தேர்வில் உயிரியலில் முழு மதிப்பெண் பெற்றவள். அதற்காக எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி இரண்டு வருடம் ஊமையாக ஓடியது. குக்கர் விசிலடித்தால்கூட என் மனைவி அதை முறைப்பாள். "இப்பப் பல்லைக் கடிச்சுக்கோ, அப்புறம் ராணி மாதிரி இருக்கலாம்" என்று டியூஷனில் சொன்னார்கள். வரவேற்பு விழாவில் தாங்களும், "கஷ்டமெல்லாம் முடிஞ்சுது, இனி நீங்க டாக்டருங்க" என்றீர்கள். முதலில் கைதட்டியவன் நான்தான்.

3. பள்ளியில் ஒரு வருடம் நடத்திய அளவை இங்கே மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுகிறார்கள். மகள் பழக்க தோஷத்தில், "எதெல்லாம் சார் இம்பார்ட்டன்ட்?" என்று கேட்டிருக்கிறாள். "பேஷன்ட் எதைப் பிடிச்சுக்கிட்டு வர்றாரோ, அதும்மா" என்றாராம் பேராசிரியர்.

4. பிறகு எலும்புத் தேர்வு. மேல்கை எலும்பைக் கையில் கொடுத்து விவரிக்கச் சொன்னார்கள். பள்ளியில் முழு மதிப்பெண் வாங்கிய முறைப்படியே, கமா விடாமல் ஒப்பித்தாள். ஒப்பித்தது வலது எலும்பை. கையிலிருந்தது இடது எலும்பு. அதுவும் தலைகீழாக. "புத்தகம் பாஸும்மா. நீ ஃபெயில்" என்றுவிட்டார் பேராசிரியர். வாழ்நாளில் முதல் தோல்வி.

5. அந்த நேரம் பார்த்து என் மைத்துனர் ஃபோன் செய்தார். "டாக்டரம்மாகிட்ட குடுங்க, முட்டி வலிக்குது." மகள், "மாமா, முட்டி இன்னும் நடத்தலை" என்று சொல்லிவிட்டு அழுதாள். மறுநாள் விலகல் விண்ணப்பம் தங்கள் மேசைக்கு வந்துவிட்டது.

6. இனி என் கை பற்றி. தினமும் மாலையில் மகள் என் வலது கையில் நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து படிப்பாள். அஞ்சல்தலை வாங்க வந்தவர், "என்ன சார், பஸ் ரூட்டா?" என்று கேட்டிருக்கிறார். இந்த வாரம் முழுக்க என் கை சுத்தமாக இருக்கிறது. இந்தச் சுத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

7. நேற்று தங்களைப் பார்க்க முடியாமல் திரும்பினேன். பேருந்தில் முழுக்கைச் சட்டைக்காரர் ஒருவர் கம்பியைப் பிடித்தார். சட்டை சரிந்தது, உள்ளே சிவப்பு, நீலக் கோடுகள். "பையன் எலும்புத் தேர்வுல ஃபெயிலாயிட்டான் சார். அவன் அம்மாவுக்கே தெரியாது" என்று காதோடு சொன்னார். அவனும் பள்ளியில் முதலாவதாம். மகளிடம் சொன்னேன். நம்பவில்லை. "எந்தக் கையில வரைஞ்சிருந்தான்?" என்று மட்டும் கேட்டாள்.

8. ஆகவே, திங்கட்கிழமை மறுதேர்வு முடியும்வரை அந்த விண்ணப்பத்தை, தங்கள் அலுவலகத்துக்கே உரிய திறமையோடு, கிடப்பில் போட வேண்டுகிறேன். பள்ளியில் முதலாவதாக வந்தவர்கள் எத்தனை பேர் தோற்றார்கள் என்பதைப் பெயர் சொல்லாமல் வகுப்பில் அறிவிக்கவும். ஒவ்வொரு பிள்ளையும் தான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அடுத்த வரவேற்பு விழாவில், "இனிமேதான் இருக்கு" என்று உண்மையைச் சொல்லிவிடவும். பெற்றோர்கள் அதற்கும் கைதட்டுவோம்.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை

பணிவுடன்,
(கையொப்பம்)

பின்குறிப்பு: கையெழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்தருளவும். எட்டாவது பத்தியை எழுதி முடித்ததும், மகள் வந்து எதிரே உட்கார்ந்து என் வலது கையை இழுத்துக்கொண்டாள். கையொப்பம் இடது கையால் இட்டது. இடதுதான், அவளே தொட்டுப் பார்த்துச் சொன்னாள்.