கரு மடியும் என்று சொன்னவளுக்கு

இன்று காலை அம்மா ஆம்லெட்டுக்காக நாட்டுக்கோழி முட்டை ஒன்றை உடைத்தாள். மஞ்சள் கருவின் மேல் பொடிசாகச் சிவப்பு நரம்புகள். அடை வைத்த முட்டையைக் கடைக்காரன் தலையில் கட்டிவிட்டான் என்று கொட்டப் போனவளிடமிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். அந்த வாடை எனக்கு ஆகவில்லை. ஆனாலும் கீழே வைக்க மனசு வரவில்லை. உன்னிடம் முதலில் சொல்லிவிடுகிறேன்டி, எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது. என் வீட்டுக்காரருக்குத் தெரியும். வேங்கிக்காலில் மாமியார் வீட்டில் யாருக்கும் இன்னும் சொல்லவில்லை. போன வருஷம் ஒன்று தங்கவில்லை. அதனால் இந்த முறை சந்தோஷத்தைவிடப் பயம்தான் ஜாஸ்தி.

பெங்களூரு ஆய்வகத்தில் நாம் இரண்டு பேரும் இந்த மாதிரி முட்டைகளோடுதானே குடித்தனம் நடத்தினோம். முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் ஆராய்ச்சி என்றால் ஊரில் யாருக்குப் புரியும்? போஸ்ட்டாக் என்று நீ சொன்னதைக் கேட்டு, கீழ்பென்னாத்தூரில் உன் அப்பா உனக்குத் தபால் ஆபீசில் வேலை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். நீயும் திருத்தவே இல்லை, கொழுப்பு. தட்டையாகக் கிடக்கும் ஒரு மெல்லிய சவ்வு எப்படிச் சுருண்டு குழாயாகி, மூளையும் தண்டுவடமும் ஆகிறது என்பதுதான் நம் கேள்வி. மற்றவர்கள் மரபணுவைத் தேடினார்கள். நீ, எது இழுக்கிறது, எது தள்ளுகிறது என்று தேடினாய். முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் சவ்வைத் தொட்டு, எவ்வளவு வளைகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாய். "பௌர்ணமி அன்னிக்கு நம்ம ஊர் கிரிவலத்துல யாருடி தானா நடக்கறா? கூட்டந்தானே கொண்டு போய் விடுது. கருவுல ஒவ்வொரு செல்லும் அப்படித்தான்" என்பாய்.

ஒரு பிள்ளையார் சதுர்த்திக்கு உன் வீட்டுக்கு வந்திருந்தேன். உன் அண்ணி அப்போதுதான் உண்டாகியிருந்தாள். அவளுக்கும் அதற்கு முன்னால் ஒன்று தங்கவில்லை. உள்ளே இப்போது என்ன நடக்கும் என்று ஆசையாகக் கேட்டாள். எதையும் தமிழில் சொல்லிவிடுவேன் என்று மார்தட்டுகிறவள் நீ. படபடவென்று ஆரம்பித்தாய். "இந்த வாரந்தான் அண்ணி முக்கியம். கரு மடியும்."

நமக்கு மடிவது என்றால் மடிப்பு. அண்ணிக்கு அது சாவு. முகம் வெளுத்து உள்ளே போய்விட்டாள், சாப்பிடவும் வரவில்லை. உன் அம்மா திட்டிய திட்டு தெருவுக்கே கேட்டது. என்ன தப்பு என்றே தெரியாமல் முழித்தாய். நான் எடுத்துச் சொன்ன பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டாய்.

அப்புறம் கொழுக்கட்டை மாவோடு போய் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தாய். ஓர் உருண்டையைத் தட்டையாக்கி, இரண்டு ஓரத்தையும் மெதுவாகத் தூக்கி ஒன்றாகச் சேர்த்து அழுத்தினாய். "இவ்ளோதான் அண்ணி. எதுவும் சாகப் போறதில்ல. ஓரம் ரெண்டும் தானா எழுந்து, கூடி வருது." அண்ணி அதை வாங்கித் தானும் அழுத்திப் பார்த்தாள். பிறகு சாப்பிட வந்தாள். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

டெங்கு என்று படுத்தவள் நீ எழுந்திருக்கவே இல்லை. அதில் எனக்கு உன்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. போன வருஷம் எனக்குத் தங்காமல் போனபோது, எந்தக் கட்டத்தில் எது தவறியிருக்கும் என்று யோசித்து யோசித்தே நான் பாதியாகிப் போனேன். படித்ததெல்லாம் எனக்கே எதிரியாக நின்றது. யாரிடம் சொல்லி அழுவது? நீ இருந்திருக்க வேண்டும்டி.

கிண்ணத்தோடு நான் நின்ற நிலையைப் பார்த்தே அம்மா கண்டுபிடித்துவிட்டாள். உண்டாகியிருக்கிறாயா என்று கேட்டாள். தலையாட்டினேன். இந்தத் தடவையாவது நிற்குமா என்று கேட்க வந்தவள் விழுங்கிக்கொண்டாள். நானே சொல்ல ஆரம்பித்தேன். இதயம் எங்கே துடிக்கத் தொடங்கும், முதுகு எங்கே, எது எதை இழுத்துக்கொண்டு வரும் என்று கையை ஆட்டி ஆட்டி, மூச்சுவிடாமல். பாதியிலேயே அம்மா சிரித்துவிட்டாள்.

"அப்படியே அவ பேசற மாதிரியே பேசறடி" என்றாள்.

அப்போதுதான் கவனித்தேன், பேச ஆரம்பித்ததிலிருந்து நான் பயப்படவே இல்லை.