இரண்டாவது டேங்க்

பிப்ரவரி 9

ஜலதோஷம். மூக்கு முகத்தில்தான் இருக்கிறது, வாசனை மட்டும் வரவில்லை. ஒயின் செய்கிறவளுக்கு இது வந்தால் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டியதுதான். இன்றைக்கென்று பார்த்து மலைமேல் இருக்கும் பெரிய வீட்டிலிருந்து லாரி வந்து நிற்கிறது.

வருஷா வருஷம் நடப்பதுதான். நம் நாலாவது டேங்கை மொத்தமாக உறிஞ்சிக்கொண்டு போவார்கள். தங்கள் ஒயினோடு கலந்து, தங்கள் பெயரை ஒட்டி விற்பார்கள். செய்தது நாங்கள் என்று வெளியே மூச்சு விடக் கூடாது என்று ஒப்பந்தம். விடுவதில்லை. யாரும் கேட்பதும் இல்லை.

நாலாவது, கால்வாய் ஓரத்துத் திராட்சை. ஒழுங்கான ஒயின்; குறை சொல்ல முடியாது, பேசவும் ஒன்றுமில்லை. போகட்டும். இரண்டாவது, மேட்டில் கல்லுக்குள் விளைந்தது. இருபது வருஷத்தில் நான் செய்ததிலேயே அதுதான் ஒயின். அது நம் புட்டிக்கு.

எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. தம்பியைக் கூப்பிட்டு, “நாலாவது லாரிக்கு, ரெண்டாவது நமக்கு” என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

“நான் என்ன பச்சப்புள்ளையா?” என்றான்.

ஐம்பதை நெருங்குகிறான். இல்லைதான்.

பிப்ரவரி 12

புட்டியில் அடைத்தாயிற்று. கூடவே நின்றேன், தும்மிக்கொண்டு. தம்பி மனைவி லேபிள் ஒட்டினாள். கோணல் இல்லாமல் ஒட்டுவாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவள் கைக்கு எதுவும் அழுக்காக இருக்கக் கூடாது. போன மாதம் யாரோ பார்க்க வருகிறார்கள் என்று டேங்குகளைத் தேய்த்ததில் நான் சாக்பீஸால் எழுதியிருந்த எண்களெல்லாம் போய்விட்டன. எனக்கென்ன, மனப்பாடம்.

மார்ச் 3

தம்பி மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்து பேசினால் நல்ல செய்தியாக இருக்காது.

“அக்கா, கோவிச்சுக்காத. கடைக்காரங்க யாரும் நம்மளுத எடுக்க மாட்டேங்கறாங்க. நல்லாதான் இருக்குங்கறாங்க. ஆனா யாரும் பேர் சொல்லிக் கேக்கறதில்லயாம்.”

“அதுக்கு?”

“பெரிய வீட்டுல திராட்சையா குடுத்தா எடுத்துக்கறாங்களாம். பழத்தப் பறிச்சமா, குடுத்தமான்னு இருக்கலாம். ஆகஸ்ட்ல கையெழுத்து.”

ஒயின் கூடத்தை மூடிவிடலாம் என்பதைத்தான் இப்படிச் சுற்றி வளைக்கிறான். நிலத்தில் பாதி அவனுடையது. நியாயமும் பாதி அவன் பக்கம். ஊர் ஊராகப் புட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் நிற்கிறவன் அவன்தான், நான் இல்லை.

“அப்ப நான் என்ன பண்றது?” என்றேன்.

“நீ தோட்டத்தப் பாத்துக்க.”

கடைசியில் ஓர் உடன்பாடு. மே மாதப் போட்டிக்கு நம் புட்டியை அனுப்புவது. பெயர் தெரியாமல் மூடிவைத்து ருசி பார்க்கிற போட்டி. ஏதாவது ஒரு பதக்கம், வெண்கலமாக இருந்தாலும் சரி, வந்தால் கூடம் இருக்கும். வராவிட்டால் ஆகஸ்டில் பூட்டு.

சரி என்றேன். இரண்டாவது டேங்க் இருக்கும்போது எனக்கு என்ன பயம்?

மார்ச் 20

மூக்கு திரும்பிவிட்டது. முதல் காரியமாக நம் புட்டி ஒன்றைத் திறந்தேன். ஊமையாக இருக்கிறது. வாசனையும் இல்லை, வம்பும் இல்லை. பயப்பட ஒன்றுமில்லை, புட்டியில் அடைத்த புதிதில் எந்த ஒயினும் சில மாதம் வாயை மூடிக்கொண்டுவிடும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

எப்படி இருக்கிறது என்று தம்பி கேட்டான். “தூங்குது” என்றேன்.

ஏப்ரல் 28

போட்டிக்கு அனுப்பியாயிற்று. எழுந்திருடா கண்ணு.

மே 17

முடிவு வந்துவிட்டது. தங்கம், பெரிய வீட்டுக்கு. அவர்கள் ஒயினைப் பற்றி நடுவர் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். கல் என்கிறார், மழை என்கிறார், “நிதானமான ஒரு கை” என்கிறார்.

நம்முடையதற்கு ஒரே வரி: “குறை சொல்ல எதுவும் இல்லை.”

தம்பி திரும்பத் திரும்பப் படித்தான். “இது பாராட்டா, திட்டா அக்கா?”

“இரங்கல்” என்றேன்.

செய்தித்தாளில் பெரிய வீட்டு மாப்பிள்ளையின் படம். அந்த வீட்டில் ஒயின் செய்கிறவர் அவர். கல்யாணம் ஆகிப் பல வருஷம் ஆன பிறகும் கூலிக்கு வருகிறவர்கள் முதல் வங்கி மேலாளர் வரை எல்லாருக்கும் அவர் மாப்பிள்ளைதான். கழுத்தில் பதக்கத்தோடு, சட்டைக் காலர் உறுத்துகிறவர் போல நிற்கிறார். பக்கத்தில் மாமனார், ஒயினையே தான்தான் பெற்றெடுத்த மாதிரி சிரிப்பு.

அழுகை வந்தது. அழுதேன். பிறகு பீப்பாய்களைக் கழுவினேன்.

மே 18

தம்பி அந்தத் தங்கப் பதக்க ஒயினில் ஒரு புட்டி வாங்கிவந்தான். “அப்படி என்னதான் இருக்குன்னு பாத்துடலாமே.”

தக்கையை எடுத்தேன். ஊற்றினேன். மூக்கை வைத்தேன். எடுத்துவிட்டேன். மறுபடியும் வைத்தேன்.

மழை பெய்து காய்ந்த கல். பென்சில் சீவல். அடியில் மிளகு.

“இது என்னோடது” என்றேன்.

தம்பி மனைவி தம்பியைப் பார்த்தாள். தம்பி என்னைப் பார்த்தான், காய்ச்சலில் பிதற்றுகிறவளைப் பார்ப்பது போல.

“வயித்தெரிச்சல்ல எதையாவது பேசாத அக்கா.”

வயித்தெரிச்சலாம்! எனக்கு! யார் செஞ்ச ஒயினப் பாத்து யாருக்குடா வயித்தெரிச்சல்? கிளாஸை வைத்த வேகத்தில் மேசைவிரிப்பு வீணாகிவிட்டது. தம்பி மனைவி எழுந்து கறைமேல் போட உப்புத் தேடப் போனாள்.

மே 19

விடிந்ததும் தம்பியை இழுத்துக்கொண்டு போய் டேங்குகளுக்கு முன்னால் நிறுத்தினேன்.

“ரெண்டாவது எது? காட்டு.”

காட்டினான். கொஞ்சமும் தயங்கவில்லை. அவன் காட்டியது நாலாவது.

“நாலாவது எது?”

என் கண்ணான இரண்டாவதைக் காட்டினான்.

அவன் தெருக் கதவு வழியாக வருகிறவன், கடைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு. அங்கிருந்து எண்ணுகிறான். நான் பின்கதவு வழியாக வருகிறவள், பழம் பிழிகிற இடத்திலிருந்து. இங்கிருந்து எண்ணுகிறேன். மொத்தம் ஐந்து டேங்க். நடுவில் இருப்பதில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. இத்தனை வருஷம் இந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது ஒரு துண்டு சாக்பீஸ்.

தம்பி முகத்தில் ஈயாடவில்லை. “அப்ப லாரியில போனது...”

“ஆமா.”

“நம்ம புட்டியில இருக்கறது...”

“ஆமாடா.”

அவனைத் திட்ட வாயெடுத்தேன். வரவில்லை. மூக்கு திரும்பிய பிறகு அந்தப் புட்டியைத் திறந்து பார்த்தது யார்? ஊமை, தூங்குகிறது, எழுந்திருக்கும் என்று இரண்டு மாதம் தாலாட்டியது யார்? அது தூங்கவே இல்லை. அதனால் முடிந்தது அவ்வளவுதான். நடுவர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி.

மே 24

தம்பி ஐந்து நாளாக என் கண்ணில் படாமல் நடமாடுகிறான். இன்று அவனே வந்தான்.

“தங்கம் நம்மளுதுதான். ஒத்துக்கறேன். ஆனா வெளிய சொல்ல முடியாது. சொன்னாலும் நம்ம புட்டியத் தொறந்து குடிச்சுப் பாத்துட்டு சிரிப்பாங்க. ஆகஸ்ட்டு ஆகஸ்ட்டுதான் அக்கா.”

பதக்கம் வந்தால் கூடம் இருக்கும் என்று பேச்சு. வந்துவிட்டது, வேறு கழுத்துக்கு. இதற்கு எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

ஜூன் 11

தம்பி மனைவி தானாகவே டேங்குகளில் பெயின்டால் எண் எழுதியிருக்கிறாள். கையகலத்துக்கு. ஆகஸ்டில் பூட்டப் போகிற கூடத்துக்கு.

ஜூலை 6

மாப்பிள்ளை வந்தார். காரில் இல்லை, சைக்கிளில். கொல்லைப் பக்கமாக.

“அக்கா, ஒன்னு கேட்டா தப்பா நெனைக்கக் கூடாது. போன தடவ குடுத்தீங்களே, அது மாதிரி இன்னொரு டேங்க் கெடைக்குமா?”

“ஏன், பதக்கம் வாங்கினவர் நீங்கதானே. செய்ய வேண்டியதுதானே?”

தலையைக் குனிந்துகொண்டார். “வழக்கமா உங்களுத எங்களோடதுல கலந்துடுவேன். இந்தத் தடவ லாரி வால்வத் தொறந்ததும் வந்த வாசனையில கலக்க மனசு வரல. மாமனார் தூங்கப் போனப்புறம் தனியா அடைச்சேன். அது மட்டுந்தான் நான் செஞ்சது.”

“அப்பவே என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!”

“நீங்க தெரிஞ்சேதான் குடுத்தீங்கன்னு நெனச்சேன். இவங்களுக்கு எவ்ளோ பெரிய மனசுன்னு...”

பெரிய மனசாம். அடைத்த மூக்கு என்று சொல்லவில்லை.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் செய்ததை என்னைத் தவிர இந்த உலகத்தில் கண்டுபிடித்த முதல் ஆள் இவர். சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறார். லாரியில் போனது அதற்கு முந்தின வருஷத்தது; போன அறுவடையில் வந்த அதே மேட்டுத் திராட்சை ஒயின் பீப்பாயில் இருக்கிறது என்று சொன்னேன். தருகிறேன், எங்கள் பெயர் லேபிளில் வர வேண்டும் என்றும் சொன்னேன்.

“மாமனார் ஒத்துக்க மாட்டார்” என்றார். கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார்.

ஜூலை 9

ஒத்துக்கொள்ளவில்லை. திராட்சையை மட்டும் வாங்கித் தங்கள் வீட்டிலேயே செய்தால் அதே ஒயின் வராதா என்று கேட்டாராம் மாமனார். வரும், வரும். திராட்சை தானே காலால் நடந்து பீப்பாய்க்குள் இறங்கும்.

ஜூலை 30

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

தங்கம் கொடுத்த நடுவரம்மா பெரிய வீட்டைப் பார்க்க வந்திருக்கிறார். மாமனார் விருந்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்த நேரத்தில் மாப்பிள்ளை அவரைத் தோட்டம் காட்டுவதாகக் காரில் ஏற்றி, நேரே நம் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். “பக்கத்துல தெரிஞ்சவங்க இடம்” என்று மட்டும் சொன்னாராம்.

நான் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸில் இருந்தேன். நடுவரம்மா வணக்கம் சொன்னார். மெலிந்த பெண்மணி, என்னைவிட மூத்தவர். பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கொடுத்தேன். மோந்தார். வாயில் சுழற்றினார். ருசி பார்க்கிறவர்கள் துப்பிவிடுவார்கள்; இவர் விழுங்கிவிட்டார். தம்பி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“மறுபடியும் குடுங்க” என்றார்.

கொடுத்தேன். குடித்துவிட்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

“இந்தக் கைய நான் மே மாசம் பாத்திருக்கேனே.”

நானும் தம்பியும் வாயைத் திறக்கக் கூடாது, ஒப்பந்தம். மாப்பிள்ளை திறக்க வேண்டிய அவசியமே இல்லை. ‘அப்படியா, ஒரே மண்ணு, அதான்’ என்று சிரித்திருந்தால் போதும். அங்கே விருந்து காத்திருக்கிறது.

மாப்பிள்ளை என் பூட்ஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

“ஆமா” என்றார். “இவங்கதான். ரெண்டும் இவங்க செஞ்சதுதான். எனக்குக் குடுத்த பதக்கம் இவங்களுது.”

நடுவரம்மா அதிர்ந்துபோகவில்லை. கவிழ்த்து வைத்திருந்த காலிப் பீப்பாய்மேல் உட்கார்ந்து, “முதல்லேருந்து சொல்லுங்கம்மா” என்றார். சொன்னேன். எந்த மேடு, எப்போது பறிப்பேன், ஏன் அவசரப்பட மாட்டேன், எல்லாம். இருபது வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. பாதியில் தம்பி தண்ணீர் கொண்டுவந்தான்.

ஆகஸ்ட் 2

மாமனார் மாப்பிள்ளையோடு பேசுவதை நிறுத்திவிட்டாராம். வீடு நிம்மதியாக இருக்கிறது என்கிறார் மாப்பிள்ளை. சொன்ன விதத்தில் நிம்மதி தெரியவில்லை.

ஆகஸ்ட் 19

நடுவரம்மா பத்திரிகையில் எழுதிவிட்டார். நம் பெயர், கூடம், மேடு, எல்லாம் அச்சில். போட்டிக் குழு பதக்கத்தைப் பற்றி விசாரிக்கிறது. தங்கம் வாங்கிய ஒயினைக் குடிக்க ஆசைப்படுகிறவர்கள் பெரிய வீட்டுப் புட்டியைத்தான் வாங்கியாக வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். உண்மைதானே. அங்கே ஒரு புட்டி மிச்சமில்லையாம். மாமனாரால் திட்டவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

நம்மிடம் வந்து கேட்டவர்களுக்கு உள்ளதைச் சொன்னேன்: புட்டியில் இருப்பது வேறு, குறை சொல்ல எதுவும் இல்லை, அடுத்தது பீப்பாயில் இருக்கிறது, வசந்தத்தில் வாருங்கள். பெயர் எழுதிவைத்துவிட்டுப் போகிறார்கள்.

இன்றுதான் திராட்சை ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து நாள். தம்பி காலையில் சட்டை மாற்றிக்கொண்டு பெரிய வீட்டுக்குக் கிளம்பினான். நான் ஒன்றும் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் கெஞ்சிவிடுவேன் என்று பயம். மத்தியானம் திரும்பிவந்தவன், நல்ல சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, பழைய சட்டையோடு கூடத்துக்கு வந்து என் பக்கத்தில் நின்று பீப்பாய் உருட்டினான்.

“என்ன ஆச்சு?” என்றேன், கடைசிப் பீப்பாயையும் நிறுத்திய பிறகு.

“திராட்சை இல்லன்னுட்டேன்” என்றான்.

செப்டம்பர் 14

அறுவடை. மேட்டுத் திராட்சை முழுக்க வந்துவிட்டது. மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டு இங்கே கூடை சுமக்கிறார். மாமனாருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறார்.

முற்பகலில் தலைநகரிலிருந்து ஒரு கார். பெரிய ஓட்டல்காரர்கள், மூன்று பேர், கோட்டும் சூட்டும். தம்பி தெருக் கதவு பக்கம் பேசிக்கொண்டிருந்துவிட்டு உள்ளே வந்தான்.

“அக்கா, உன்னப் பாக்கணுமாம்.”

“நீ பேசேன்.”

“பேசினேன். என்னோட வேண்டாமாம். ஒயின் செய்யறவங்களோடதான் பேசணுமாம்.”

முழங்கை வரை சாயம் எனக்கு. முதல் பழம் இப்போதுதான் டேங்கில் இறங்கிக்கொண்டிருந்தது, விட்டுவிட்டுப் போக முடியாது.

“கைவேலையா இருக்கேன்னு சொல்லு. முடிஞ்சதும் வர்றேன்.”

தம்பி போய்ச் சொன்னான். பழத்தை முழுதும் இறக்கி, டேங்கை மூடி, பம்பைக் கழுவி, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனேன். மூன்று பேரும் வெயிலில் நின்றபடி காத்திருந்தார்கள்.