லில்லிப்பூ முத்திரை இல்லாத துவக்கு

உன் துவக்கு, அந்தப் பழைய வேட்டைத் துப்பாக்கி, என் சமையலறை மேசையில் கிடக்கிறது. பெட்டகத்தில் பூட்டுவதற்கு முன் ஒருமுறை துடைத்துவிடலாம் என்று உறையைத் திறந்தேன். அந்த எண்ணெய் மணம் எழுந்தது. உன் காரில், உன் பச்சை ஜாக்கெட்டில், தேநீர்க் கோப்பை நீட்டும்போது உன் விரல்களில் இருந்த அதே மணம். சன்னலைத் திறந்துவைத்துவிட்டுத்தான் மறுபடி வந்து உட்கார முடிந்தது.

உன் மனைவி நேற்று அழைத்தாள். “அண்ணை, இதை ஒருக்கா எடுத்துக்கொண்டு போங்கோ. என்னட்டை லைசென்ஸ் இல்லை, வீட்டிலை வைச்சிருக்க ஏலாதாம். உங்களை விட்டால் ஆரிட்டைக் குடுக்கிறது? அவர் உங்களைத்தானே தன்ரை சகோதரம் எண்டு சொல்லுறவர்.” நான் “ஓம், வாறன்” என்றேன். வேறு என்ன சொல்வது? நமக்குள் நடந்த எதையும் நீ அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வேட்டை லைசென்ஸுக்கான பரீட்சைக்குப் படிக்கலாம் என்று நீதான் தொடங்கினாய். ஜெர்மனியில், எசன் நகரத்தில் நான் ட்ராம் ஓட்டிக்கொண்டிருந்தேன். நீ வீடு வீடாகப் போய் வெப்பமூட்டிகள் திருத்திக்கொண்டிருந்தாய். நாற்பத்தைந்து வயதில் இரண்டு பேரும் பள்ளிப் பிள்ளைகள்போலக் கொப்பியும் பேனையுமாக வகுப்பில் போய் உட்கார்ந்தோம். என் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். “துவக்குக்குப் பயந்து உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தனாங்கள். இப்ப நீங்களே காசு குடுத்துத் துவக்கு வாங்கப் போறியளோ?” நீ அவரைச் சிரிக்கவைத்தாய். “அன்ரி, இது ஆக்களுக்கு இல்லை, தாராவுக்கு. முதல் தாரா உங்கடை சட்டிக்குத்தான்.”

பரீட்சை முடிந்ததும் டுசல்டோர்ஃபுக்கு அருகில் ஒரு துவக்குக் கடைக்கு என்னைக் கூட்டிப் போனாய். நான் பளபளக்கும் மரப்பிடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ என் கையில் இருந்ததைப் பிடுங்கி வைத்துவிட்டு, குளிர்கால ஜாக்கெட்டை வெயில் நாளில் எனக்குப் போட்டுவிட்டாய். “தாராக்கு நிக்கேக்கை இந்த உடுப்போடைதான் நிப்பாய். பிடி நீளமெண்டால் தோளிலை சிக்கும். ஏத்திப் பார்.” ஏற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு ஏற்றச் சொன்னாய். திறந்தபோது குழலின் மேல்வரி நேராக என் கண்ணுக்குக் கீழே இருக்க வேண்டும் என்றாய். மிக இலகுவான ஒன்றை நான் விரும்பியபோது வேண்டாம் என்றாய். வாத்து போன்ற தண்ணீர்ப் பறவைகளுக்கான தோட்டா பலமாக உதைக்கும், பாரம் கொஞ்சம் இருந்தால்தான் தோள் தாங்கும், குழல் பறவையோடு சீராகத் திரும்பும் என்றாய்.

கடைசியில் குழலை வெளிச்சத்துக்குத் திருப்பிச் சிறிய லில்லிப்பூ முத்திரை ஒன்றைக் காட்டினாய். “இது முக்கியம், மச்சான். இரும்புச் சன்னம் போட்டுச் சோதிச்ச குழல் எண்டு அர்த்தம். இது இல்லாத துவக்கிலை இந்தத் தோட்டாவைப் போட்டால் குழல் தாங்காது.” தோட்டாவுக்குள் அடைக்கும் சிறு குண்டுகள், அந்தச் சன்னம், ஈயமாக இருக்க நீர்நிலைகளில் ஏன் சட்டப்படி தடை என்பதையும் வகுப்பில் கற்பித்தவரைவிட நீ நன்றாகச் சொன்னாய். சுட்ட சன்னம் சேற்றில் கிடக்கும். தாரா இரை அரைப்பதற்குச் சிறு கல் விழுங்கும்போது அதையும் விழுங்கிவிடும். பிறகு நாள்கணக்கில் செத்துக்கொண்டிருக்கும்.

அவ்வளவும் சொல்லி, மேல்கீழாக இரண்டு குழல் வைத்த, அழகில்லாத, உறுதியான ஒரு துவக்கை எனக்குத் தெரிவுசெய்துவிட்டு, நீ உனக்கு வாங்கியது இதோ இங்கே கிடப்பதை. பக்கம் பக்கமாக இரண்டு குழல், பழையது, பூட்டில் இலையும் கொடியும் செதுக்கியது. லில்லிப்பூ இல்லை. நான் கேட்டேன். “நான் பிஸ்மத் சன்னம் போடுவன். அது ஈயம் மாதிரி மெத்தெண்டு இருக்கும், நஞ்சில்லை, பழைய குழலும் தாங்கும்” என்றாய். உன்னை நான் நம்பாமல் வேறு யாரை நம்புவேன்? அகதி முகாமில் ஒரே இரட்டைக் கட்டிலில் நீ மேலும் நான் கீழுமாகப் படுத்தவர்கள் நாம்.

கீழ் ரைன் பக்கத்தில் ஒரு பண்ணைக்கு வெப்பமூட்டி பூட்டப் போன இடத்தில்தான் உனக்குப் பண்ணைக்கார அம்மா ஃபிராவ் லம்பெர்ட்ஸ் பழக்கமானார். அந்தச் சுற்றுவட்டாரத்தின் வேட்டைக் குத்தகை அவருடையது. பழைய சரளைக் குழி ஒன்று ஏரியாகி, நாணல் மண்டிக் கிடந்தது. முதலில் நீ போனாய். அடுத்த இலையுதிர்காலத்தில் என்னையும் கூட்டிவரலாமா என்று கேட்டு அனுமதி வாங்கினாய். அதற்கு நான் உனக்கு நன்றி சொன்னேன். அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

அந்த நவம்பர்க் காலையில் பனி விலகியதும் பறவைகள் வந்தன. நான் இரண்டு விழுத்தினேன். நீ அதைவிட அதிகம். எல்லாம் முடிந்து தாராக்களைப் புல்லில் வரிசையாகக் கிடத்தியபோது, ஃபிராவ் லம்பெர்ட்ஸ் கையில் ஒரு வெற்றுத் தோட்டாவோடு வந்தார். நாம் இருவரும் நின்ற இடங்களுக்கு நடுவே கிடந்ததாம். ஈயம் என்று அதிலேயே அச்சிட்டிருந்தது. அவர் குரல் உயர்த்தவில்லை. “இது யாருடையது?” என்று மட்டும் கேட்டார்.

நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. அழகான ஜெர்மனில் அவருக்குச் சொன்னாய்: “இவருடையதாகத்தான் இருக்கும். களிமண் தட்டுகளை எறிந்து சுட்டுப் பழகும் திடலில் பாவிப்பதை மாறிக் கொண்டுவந்துவிட்டார். புதியவர். நான்தான் கவனித்திருக்க வேண்டும், மன்னித்துக்கொள்ளுங்கள்.”

பழியை என்மேல் போட்டுவிட்டுப் பெருந்தன்மையை நீ எடுத்துக்கொண்டாய். நான் வாயைத் திறக்கும் முன் தமிழில், அதே மென்மையான குரலில் சொன்னாய்: “மச்சான், ஒண்டும் கதையாதை. சமாளி. பிறகு எல்லாம் சொல்லுறன்.”

“என்ன சொன்னீர்கள்?” என்று அவர் கேட்டார்.

“உங்களிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன்.”

அவர் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். என் பையில் இரும்புத் தோட்டாக்களைத் தவிர வேறொன்றும் இல்லை. அதைத் திறந்து காட்டியிருந்தால் போதும். ஆனால் காட்டினால் உன் லைசென்ஸ் போய்விடும், உன் பெயர் போய்விடும். ஏதோ காரணம் இருக்கும், நாளைக்கே நீ வந்து எல்லாவற்றையும் சரிசெய்வாய் என்று நினைத்தேன். “மன்னிக்கவும்” என்றேன். இனி இங்கே வரவேண்டாம் என்று அவர் மரியாதையாகச் சொன்னார். புகார் கொடுக்கவில்லை. உன் முகத்துக்காகத்தானாம்.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலை ஏறியதும் கேட்டேன்.

“ஏன்டா அப்பிடிச் செய்தனி?”

“பிஸ்மத் முடிஞ்சு போச்சு. நாலைஞ்சு பழைய தோட்டா கிடந்தது. ஆரும் பாப்பினம் எண்டு நினைக்கேல்லை.”

“அதைக் கேக்கேல்லை. ஏன் என்னைச் சொன்னனி?”

வண்டியைச் சீராக ஓட்டிக்கொண்டே சொன்னாய்: “உனக்கு இது ஒரு பொழுதுபோக்கு. எனக்கு அந்த இடம் வேணும், மச்சான். அவ என்னை எவ்வளவு மதிக்கிறா தெரியுமே? இந்த நாட்டிலை வேறை ஆர் என்னை அப்பிடி மதிச்சது? கொஞ்ச நாள் போகட்டும், நானே உண்மையைச் சொல்லுறன்.”

நீ சொல்லவில்லை. அடுத்த கிழமையே பிஸ்மத் வாங்கினாய். குறையைத் திருத்தத் தெரிந்திருந்தது. அங்கே போய்வந்துகொண்டே இருந்தாய். நான் அழைப்புகளை எடுப்பதைக் குறைத்தேன். அடுத்த வருடம் தீபாவளிக்குப் பலகாரத்தோடு வந்தாய், வாசலில் நின்று “இன்னும் கோவமோ?” என்று சிரித்தாய். நான் கோபிப்பது ஒரு குழந்தைத்தனம்போல. அதற்குப் பிறகு உன்னை நான் பார்த்தது பெட்டியில்தான். ஒரு வீட்டின் நிலவறையில், வேலை செய்துகொண்டிருந்தபோதே இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

மயானத்து மண்டபத்தில் தேவாரம் பாடி முடிந்தபின் ஃபிராவ் லம்பெர்ட்ஸ் என்னிடம் வந்து கையைப் பிடித்தார். “உங்களுக்காக அவர் எத்தனை முறை பேசினார் தெரியுமா? கவனக்குறைவானவர், ஆனால் நல்ல மனிதர், இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று. அப்படியொரு நண்பர் கிடைப்பது அரிது.”

அன்று ஒரு முறை பொய் சொன்னாய் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நீ அதைப் பேணி வளர்த்திருக்கிறாய். என் குற்றத்தை நீயே உண்டாக்கி, அதை நீயே மன்னித்து, அந்த மன்னிப்பால் அவர் முன்னே உயர்ந்துகொண்டே போயிருக்கிறாய்.

உன் பிள்ளைகள் பக்கத்தில் நின்றதால் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் பண்ணைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கோப்பி ஊற்றித் தந்தார். கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு சொன்னார்: “அன்றே சொல்லியிருக்க வேண்டும். இப்போது அவர் பதில் சொல்ல முடியாதே.” அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. வாசல்வரை வந்து வழியனுப்பினார். மறுபடி வாருங்கள் என்று சொல்லவில்லை. நீ போனபிறகும் அந்த இடம் உன்னுடையதுதான்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. செத்தவனோடு என்ன கோபம் என்று அம்மா கேட்கிறார். செத்ததால்தான், அம்மா. இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

போன சனிக்கிழமை ரூர் ஆற்றங்கரையில், வகுப்பில் நம்மோடு படித்த ஒருவர் அழைத்த இடத்தில் நின்றேன். ஒரு காட்டுத் தாரா தாழ்வாக வந்து என் இடப்பக்கம் திரும்பியது. நாம் சேர்ந்து நின்ற நாட்களில் இடப்பக்கம் எப்போதும் நீதான். அந்தப் பக்கம் போகும் பறவை உன்னுடையது, என் குழல் அங்கே திரும்பக் கூடாது. அன்று அங்கே வெறும் புல்வெளி. துவக்கைத் தோளில் ஏற்றினேன். நடுவழியில் கை தானாகவே நின்றுவிட்டது. பறவை போய்விட்டது.

“ஏன் சுடவில்லை?” என்று அழைத்தவர் கேட்டார்.

“தூரம் அதிகம்” என்றேன்.

அது தூரமாக இருக்கவில்லை.