மட்டி பொறுக்கிய எழுவர்

நலம் பொலிக. வெண்டிரை நாட்டு அரியணையில் வீற்றிருப்பவரும் உப்பங்கழி நான்கிற்கும் கோமானுமாகிய நெடுவேல் மருதர், தம் உடன்பிறந்த இளவலும் வடகரைக் காயலின் காவலருமாகிய கொற்றவேளுக்கு விடுத்த ஓலை. நும் காயல் வற்றாதிருக்க. நும் துறையில் தோணிகள் தவறாது அணைக.

மீன் சினைகொள்ளும் நாற்பது நாளும் காயலில் எவரும் மீன்பிடித்தல் ஆகாது என்று யாம் ஆணையிட்டதை நீர் அறிவீர். அந்நாளில் சேற்றில் இறங்கி மட்டிச் சிப்பி பொறுக்கிய பெண்டிர் எழுவரை நீர் தண்டியாது விடுத்தீர் என்றும், மட்டி பொறுக்குதல் மீன்பிடித்தல் ஆகாது என்று ஊரறிய உரைத்தீர் என்றும் ஒற்றர் வந்து மொழிந்தனர். எம் சொல்லுக்கு நீர் பொருள் உரைப்பதோ என்று சினந்து, அவ்வெழுவரையும் தலைநகர்ச் சிறைக்குக் கொணர்வித்தோம். நீர்வாழ் உயிரைக் கொள்வதெல்லாம் மீன்பிடித்தலே என்று அவைப் புலவரும் எம் முகம் பார்த்து உரைத்தனர்.

நேற்று நண்பகலில் எழுவரையும் அவையில் நிறுத்தினோம். அவருள் மூத்தவளாகிய தாழையம்மை தலை தாழ்த்தாது கூறியதை அவள் வாய்மொழியாகவே பொறிக்கின்றோம்: “வலை போட்டா மீன்பிடி, தூண்டில் போட்டா மீன்பிடி. குனிஞ்சு கையால எடுக்கறத எந்த ஊர்ல சாமி மீன்பிடின்னு சொல்றாங்க? பொறுக்குறதுன்னுதானே சொல்லுவோம்? எங்க சின்ன ராசாவுக்கு இது சொல்லாமலே தெரிஞ்சுதே!”

அவை நகைத்தது. யாம் நகைத்திலோம். சின்ன ராசா என்ற சொல் கேட்டதும் ஏனைய அறுவர் முகமும், சிறைப்பட்ட துயரையும் மறந்து மலர்ந்தன. எம்மைக் கண்டு அவ்வாறு மலர்ந்த முகம் ஒன்றைப் பதினெட்டு ஆண்டு ஆட்சியில் யாம் கண்டதில்லை. அவர்களைச் சிறையிட்டது சிப்பிக்காக அன்று, அம்முகங்களுக்காகவே என்பதை அப்போதே உணர்ந்தோம். உடன்பிறந்தீர் ஆதலின் இதனை நுமக்கு எழுதினோம், வேறெவர்க்கும் எழுதோம்.

ஆகவே எம் ஆணையாவது: வலையோ தூண்டிலோ கூடோ கொண்டு மீனைக் கொள்வதே மீன்பிடித்தல், கையால் மட்டி பொறுக்குதல் அதில் அடங்காது. இவ்வோலை வரும் தோணியிலேயே எழுவரும் வருகின்றனர். அவர்களை எதிர்கொள்ள நீர் துறைக்கு வாரற்க. காவற்படைத் தலைவன் வரட்டும். இவ்விளக்கத்தை எம் பெயரால் மட்டுமே பறையறைவிக்க.

ஓலைநாயகத்திடம் கொடாது எம் கையாலேயே எழுதிச் சுறா இலச்சினை இட்டோம். பறை கேட்ட பின்னும் அவர்கள் நும்மையே வாழ்த்துவர். அதனை எமக்கு எழுதற்க.