துருவைத் துடைத்தவன்

திருமுல்லைவாயில்
3.6.2024

யூசுப்புக்கு,

என் கண் அறுவைச் சிகிச்சைக்குத் துணையாக என் வீட்டிலேயே பத்து நாள் தங்கி, வேளை தவறாமல் சொட்டு மருந்து போட்டாய். நன்றி. ஆனால் கட்டுப் பிரித்து எழுந்ததும் நான் கண்டது, பளபளவென்று மின்னிய என் தகட்டை. அதற்கு நன்றி கிடையாது.

நாம் வேலை பார்த்த பட்டறையில் கழித்துப்போட்ட இரும்புத் தகடு அது. அம்பத்தூர் ஏரி ஆகாயத்தாமரையை அதன்மேல் பரப்பி, ஏரித் தண்ணீரையே தெளித்து மூன்று மாதம் துருப்பிடிக்க வைத்தேன். துரு அரித்த பள்ளங்களில் மை ஏற்றி, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் அச்சுப்படம். ஏரியும் இரும்பும் சேர்ந்து வரைவது. கண்காட்சிக்கு ஆறு படம் கேட்டார்கள். ஆறாவது இதுதான்.

இனி போன் செய்யாதே. எடுக்க மாட்டேன்.

கஜபதி

முகப்பேர்
7.6.2024

அன்புள்ள அண்ணாத்தே,

சொட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

முப்பது வருடம், துருவைப் பார்த்ததும் தேய்க்க எமரித் தாளை எடுத்த கை இது. "இன்னாடா, தகடு கீற லட்சணமா இது? தொடைடா!" என்று விரட்டிய ஃபோர்மேன் நீங்கள்தானே. நீங்கள் கட்டோடு படுத்திருந்தபோது, நல்லது செய்வதாக நினைத்துத் தேய்த்து எண்ணெயும் போட்டேன். "அத்தா, அது மாமாவோட படம்ப்பா!" என்று மகள் சபீனா தலையில் அடித்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது.

அவள் கல்யாணத்தை முன்னின்று நடத்தியவர் நீங்கள். மறந்தவனில்லை. மன்னித்துவிடுங்கள்.

உங்கள்
யூசுப்

திருமுல்லைவாயில்
15.6.2024

யூசுப்,

ஃபோர்மேன் சொன்னது சரிதான். அது பட்டறை. இது என் வீடு.

வேறு தகடு துருப்பிடிக்க நாளில்லை. கோபத்தோடு அதிலேயே மை ஏற்றினேன். நான் பளு இழுக்கக் கூடாதாம்; பக்கத்து வீட்டுச் சரசாதான் அச்சு எந்திரத்தின் உருளையைச் சுற்றினாள். தாளை உரித்தால், ஆழமாக அரித்திருந்த ஆகாயத்தாமரை வேர்த்தடங்கள் அப்படியே இருந்தன. அவற்றின்மேல் நூல்நூலாக நீ தேய்த்த கீறல்கள். "இன்னா சார், தண்ணி நவுர்ற மாதிரி கீது!" என்றாள் சரசா. ஏரிமேல் காற்று. மற்ற ஐந்து படங்களிலும் அது இல்லை.

நீ செய்தது தப்புதான். அதில் மாற்றமில்லை. ஆனாலும் நன்றி.

படத்தின் கீழே பென்சிலால் என் பெயரை எழுதிவிட்டேன். பக்கத்தில் உன் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். 23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வா.

எமரித் தாளைக் கொண்டு வராதே.

கஜபதி