முந்திரிப்பழம் தெரியாத வம்சம்

3 மார்ச் 1964
அடுத்த செவ்வாய் மெடிக்கல். தேறினால் காண்ட்ராக்ட் கூலி நான், பெர்மனென்ட் கன்வேயர் ஆபரேட்டர். குவார்ட்டர்ஸ், குழாய்த் தண்ணீர். அம்மா மாரியம்மனுக்குக் கூழ் நேர்ந்திருக்கிறாள். சுரங்கத்து வேலைக்கு ஆள் எடுப்பது மாரியம்மனா?

10 மார்ச்
ஃபெயில்.
நெஞ்சளவு, எடை எல்லாம் சரி. கடைசியில் டாக்டர் புள்ளி புள்ளியாக இருந்த ஓர் அட்டையை நீட்டி, "என்ன நம்பர்?" என்றார். நம்பரா? அம்மை போட்ட மூஞ்சி மாதிரி இருந்தது. அதையே சொன்னேன்.
எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரியவில்லையாம். கரி சுமக்கும் கன்வேயர் பெல்ட்டில் எரிவதே அந்த இரண்டு விளக்குதான்.
"தாய்மாமன் இருக்காரா?" என்று வேறு கேட்டார். எதற்கு, எனக்குப் பெண் கேட்கவா?

11 மார்ச்
டாக்டரிடம் மறுபடி போய் நின்றேன். பிறவிக் கோளாறாம். மருந்து கிடையாது. அம்மா பார்வை சரியாகவே இருக்கும். ஆனால் தன் தாயிடம் வாங்கியதை மகனுக்குக் கொடுத்துவிடுவாள். அவள் கூடப் பிறந்தவனுக்கும் இருக்கலாம்.
வீட்டில் சொன்னேன். அப்பா மீசையைத் தடவினார்: "கல்யாணத்தன்னிக்கே சொன்னன், உங்கம்மா வூட்டுல கோளாறுன்னு." அவர் வாயிலிருந்து வந்த முதல் விஞ்ஞானம்.
அம்மா, "நானாடா குடுத்தன்?" என்று அழுதாள். அவ என்னா பண்ணுவா? அவளுக்கே தெரியாதே!

15 மார்ச், ஞாயிறு
பண்ருட்டிப் பக்கம் ஆண்டையின் தோப்பில் முந்திரி பறிப்பவர் என் தாய்மாமன் பாவாடை. சிறுவயதில் நானும் பறித்தேன். இலைக்குள் சிவப்பாகத் தொங்குமாம் பழம். மற்றவர்கள் பார்த்ததும் பறிப்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் கிளை கிளையாகத் தடவுவோம். "மாமனும் சோம்பேறி, மருமவனும் சோம்பேறி. சாதிப் புத்தி" என்பார் ஆண்டை. கையில் புளிய விளார். மாமா முதுகில் தழும்பு இருக்கிறது. அதைவிட மோசம், மாமா அதை நம்பிவிட்டார்.
இன்று அத்தையின் சிவப்புச் சேலையைக் காட்டி, என்ன நிறம் என்று கேட்டேன். "எலக் கலருதான்," என்றார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள்.
டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மாமா கையைப் பின்னால் விட்டு முதுகுத் தழும்பைத் தடவினார். பிறகு,
"அப்ப வாங்கின அடியெல்லாம்?"


2 ஏப்ரல்
பம்ப் பிரிவில் எடுத்துக்கொண்டார்கள். பெர்மனென்ட். ஊற்றுத் தண்ணீரை விடாமல் இறைக்காவிட்டால் சுரங்கம் ஏரியாகிவிடும். மோட்டார் சத்தம் மாறினால் ஓட வேண்டும். காது போதும்.

19 ஏப்ரல்
மாமா கதையைச் சொல்வதற்குள் அத்தை சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள். தோப்பில் ஆண்டை, "கண்ணு தெரியிலியாடா, சோம்பேறி?" என்று கத்தியிருக்கிறார். மாமா தோள் துண்டை இறக்காமலே, "தெரியலீங்க. பொறவியிலியே தெரியாதாம், டாக்டரு சொல்லிட்டாரு. எங்கன்னு காட்டுங்க, பறிக்கிறன்" என்றாராம்.
ஆண்டை காட்டினாராம். வெயிலில், மரம் மரமாக, மாமாவின் பின்னாலேயே.